இடப்பக்கத்துச் சக்கரம்

நிழலில்தான் முதலில் பார்த்தான் அருளப்பன். காலை வெயில் கிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் நேரம். வடக்கே பார்த்துப் பறந்தால் விமானத்தின் நிழல் இடப்பக்கம் சம்பாப் பயிர்மேல் கூடவே ஓடி வரும். மருந்தடிக்கிற விமானத்தில் ஒற்றை ஆள்தான் உட்காரலாம், முன்னால் மருந்துத் தொட்டி, பின்னால் வால், நடுவில் அவன், பேச்சுத் துணைக்கு ரேடியோகூடக் கிடையாது, ஆக இத்தனை வருஷமாய் அந்த நிழல்தான் அவனுக்குக் கூட்டாளி. இன்றைக்கு அந்தக் கூட்டாளிக்கு ஒரு சக்கரம் நேராக நின்றது, இன்னொன்று பின்னால் மடங்கி இழுபட்டுக்கொண்டு வந்தது. வரப்பில் விழுகிற நிழல் வளையத்தானே செய்யும் என்று நினைத்தான். வரப்பு போய்ச் சமமான பயிர் வந்தது, அப்போதும் வளைந்தேதான் இருந்தது. வாய்க்கால் வந்தது, தண்ணீர்மேல் நிழல் ஒரு கணம் கறுப்பாகத் தெளிந்தது, சக்கரம் ஆடியது. ஆடக்கூடாதே, அது என்ன ஊஞ்சலா ஆடுவதற்கு. கிளம்பும்போது ஓடுதளத்துக் கடைசிப் பள்ளத்தில் தடக்கென்று ஒரு சத்தம் கேட்டது, கல்லாக இருக்கும் என்று விட்டான், கல்லாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு விட்டான் என்பதுதான் சரி. வயல் கோடியில் கொடி பிடித்து நிற்கும் தனகோடி, எந்த வரிசையில் மருந்தடிக்கவேண்டும் என்று வெள்ளைக்கொடி காட்டுகிறவர், தலையில் துண்டும் மூக்கில் துணியுமாய் நாள் முழுக்க இவன் அடிக்கிற மருந்திலேயே நனைகிற மனுஷன், கொடியைக் கீழே போட்டுவிட்டு நின்றார். பிறகு வரப்பின்மேல் ஒற்றைக் காலில் நின்று, தன் இடது காலைத் தூக்கி, முழங்காலுக்குக் கீழே தொளதொளவென்று ஆட்டிக் காட்டினார். சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை மனுஷன். அருளப்பன் கையை உயர்த்தித் தெரிந்தது என்று காட்டிவிட்டு விமானத்தை மேலே இழுத்தான்.

மேலே போனதும் பயம் வந்தது. வரட்டும், வராவிட்டால்தான் தப்பு. நாக்கில் மருந்து நெடியோடு பித்தளை ருசி, ஸ்டிக்கைப் பிடித்திருந்த உள்ளங்கை வழவழவென்று வியர்த்தது. இடப்பக்கத்துச் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கால் முறிந்து, பிரேக் குழாயிலேயோ எதிலேயோ தொங்கிக்கொண்டிருக்கிறது. இறங்கினால் வலது சக்கரம் மட்டும்தான் தாங்கும், வேகம் குறைந்ததும் இடது இறக்கை தரையைத் தொடும், தொட்டால் சுற்றும், சுற்றினால் ஒன்று நிற்கும், இல்லாவிட்டால் கவிழும். கவிழ்ந்தால் போன வருஷம் குருபாதத்துக்கு நடந்ததுதான். இல்லை, அந்தப் பக்கம் போகாதே, இப்போது போகாதே. கல்லறைத் திருநாளுக்கு வந்துவிடுகிறேன், அப்பாவின் கல்லறைக்கு நான்தான் வெள்ளையடிப்பேன் என்று மனைவி ரெஜினாவிடம் சொல்லியிருந்தான், வேறு நாள் பார்த்துச் சொல்லியிருக்கக்கூடாதா. அவள் இந்நேரம் திருச்சியில் பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நின்று பிள்ளைகளை மிரட்டிக்கொண்டிருப்பாள். அவள் மிரட்டினால் யாரும் பயப்படமாட்டார்கள், அது அவளுக்கும் தெரியும். போன தடவை பஸ் ஏற்றிவிட வந்தபோது, இந்த வேலையை விட்டுத்தொலையுங்கள் என்று அவள் சொல்லவில்லை, சொல்வாள் என்று எதிர்பார்த்து அதற்குப் பதில்கூட யோசித்து வைத்திருந்தான், ஆனால் அவள் காலரை மட்டும் சரி பண்ணிவிட்டு, பஸ் புறப்படும்வரை எதையோ பார்க்கிறவள் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளையடிக்கத்தான் வருவேன் ரெஜினா, சுண்ணாம்பை வாங்கி ஊறப்போட்டு வை. மாதாவே, என்று ஆரம்பித்தவன் அதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியாமல் நிறுத்திக்கொண்டான். கேட்கிறதை விட்டுவிட்டுச் செய்கிறதைச் செய் என்று அவனுக்கு அவனே ஒரு அதட்டல் போட்டான்.

என்ன செய்வது, கோபம்தான் செய்ய வந்தது. பயத்தைத் தள்ளிவிட்டு அது முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது, அதுவும் நல்லதுதான், கோபத்துக்குக் கை நடுங்காது. ஒரு மாசமாய்ச் சொல்கிறானே, ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் இடது பக்கம் இழுக்கிறது, மூட்டைக் கழற்றிப் பாருங்கள் என்று. மெக்கானிக் கோதண்டபாணியிடம் சொன்னான், அவர் மேனேஜரிடம் சொன்னார், மேனேஜர் சுந்தரவரதன் சீசன் முடியட்டும் என்றார். புகையான் பூச்சி விழுந்து ஜில்லாவே கருகிக்கொண்டிருக்கிறது, இப்போது போய்க் கழற்றி மாட்டி விளையாட முடியுமா என்றார். தினமும் சாயங்காலம் விமானத்தை வாய்க்கால் தண்ணீரில் கழுவுகிறார்கள், கழுவாவிட்டால் மருந்து இரும்பைத் தின்றுவிடும், கழுவினாலும் அந்த உப்புத் தண்ணீர் மிச்சத்தைத் தின்றுவிடும், எப்படிப் பார்த்தாலும் இரும்புக்குச் சாவுதான். அப்புறம் ஆயுத பூசை வந்தது. ஆயுத பூசை வந்தால் இந்த ஊரில் ஸ்பேனரிலிருந்து ஸ்டவ் வரைக்கும் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும், விமானம் மட்டும் அழுக்காக நிற்கலாமா? அதிகாரிகள் வருகிறார்கள், பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்கிறார்கள், பளபளவென்று இருக்கட்டும் என்று மேனேஜர் உத்தரவு. கோதண்டபாணி இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு தலையிலிருந்து வால் வரைக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்தார், மூட்டு, முடுக்கு, பற்றவைத்த இடம் எதையும் விடவில்லை, விரிசல் பார்க்கவேண்டிய இடத்தில் எல்லாம் பிரஷ்ஷை வைத்து ஒரு இழு. மூக்கில் சந்தனம், இறக்கையில் குங்குமம், சக்கரத்துக்கு முன்னால் பூசணிக்காய். எங்கேயாவது விரிசல் பார்த்தீர்களா அண்ணே என்று அருளப்பன் கேட்டதற்கு, நல்ல நாளும் அதுவுமாய் விரிசல் கிரிசல் என்று வாயில் வைக்காதீர்கள் கேப்டன் என்று கோபித்துக்கொண்டார் கோதண்டபாணி. கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம், இந்த மனுஷன் அன்றைக்கு விமானத்தைச் சுற்றிக் கற்பூரம் காட்டும்போது கண்கலங்கி நின்றார். அழுகிற அன்புக்கு ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்து மூட்டைக் கழற்றிப் பார்க்கத் தெரியவில்லையே அண்ணே, அழகு பார்த்தீர்களே தவிர ஆரோக்கியம் பார்க்கவில்லையே.

வேகமாக இறக்கிவிட்டார். அந்த வார்த்தை வந்துவிட்டது, எத்தனை நேரம் தள்ளிக்கொண்டிருந்தான், எங்கே சுற்றினாலும் அதில்தான் வந்து மாட்டுகிறது. போன சம்பாவில், கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், இதே கம்பெனியின் இன்னொரு விமானம், இதே இடப்பக்கம். குருபாதம் இறங்கினான், கால் முறிந்தது, விமானம் தலைகுப்புறப் போய் மருந்துத் தொட்டி அவன்மேல் சாய்ந்தது. விசாரணை வைத்தார்கள். பைலட் வேகமாக இறக்கிவிட்டார் என்று ஒரே வரியில் முடித்தார்கள். குருபாதமா வேகமாக இறக்குகிறவன்? குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்குவானே, வண்டி தரையைத் தொட்டது தெரியாமல் டீ கொண்டுவருகிறவன் இன்னும் இறங்கவில்லையா என்று கேட்பானே. முறிந்த கால் எங்கே என்று அருளப்பன் விசாரணையில் எழுந்து கேட்டான். மழையில் கிடந்து துருப்பிடிக்குமே என்று அன்றைக்கே லாரியில் ஏற்றிவிட்டோம் என்றார் சுந்தரவரதன், அவ்வளவு அக்கறையாகச் சொன்னார். லாரி எங்கே போனது என்றால் யாருக்கும் தெரியவில்லை. செத்தவன் வந்து பேசமாட்டான், இரும்பு பேசும், அதனால் இரும்பை முதலில் அனுப்பிவிட்டார்கள். செண்பகம், குருபாதத்தின் மனைவி, துக்கம் கேட்கப் போனபோது அழவே இல்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அண்ணே, அவர் அப்படி எறக்குவாரா?" எறக்கமாட்டாம்மா என்றான். அப்போ யார்கிட்ட போய் அதைச் சொல்றது என்று அவள் கேட்கவில்லை, கேட்காததுதான் இத்தனை நாளாய் உறுத்திக்கொண்டு கிடக்கிறது. இப்போது கீழே ஓடுதளத்தில் சுந்தரவரதன் நின்றுகொண்டிருப்பார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அந்த ஒரு வரியை வாயில் தயாராக வைத்துக்கொண்டு. அருளப்பன் வேகமாக இறக்கிவிட்டார். ஆகட்டும், பார்க்கலாம். நான் செத்தால்தானே நீங்கள் பேசமுடியும், சாகிறதாக உத்தேசம் இல்லை. நானும் இறங்குவேன், அந்தக் காலையும் இறக்குவேன்.

தொட்டியில் பாதி மருந்து இருந்தது, டாங்கில் பெட்ரோல் நிறைய இருந்தது, இரண்டோடும் இறங்குவது தற்கொலை. மருந்தை எங்கேயாவது கொட்டித் தொலைக்கலாம், தொலைப்பதற்கு எங்கே இடம், கீழே வாய்க்காலில் ஆள் குளிக்கிறான், மேட்டில் மாடு மேய்கிறது, நடவுக்காரப் பெண்கள் கரையேறி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மிச்ச வயல் அங்கே வட்டவட்டமாய்க் கருகிக்கொண்டு கிடக்கிறது. அட, இதற்குத்தானே வந்தோம் என்று தோன்றியதும் அருளப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணாடிக்குள் தனியாக உட்கார்ந்து சிரித்தான். சக்கரம் தொங்கினால் புகையான் லீவு எடுத்துக்கொள்ளுமா? விமானத்தைத் திருப்பினான், வழக்கமாகப் பறக்கிறதைவிட ஒரு ஆள் உயரம் கூடவே வைத்துக்கொண்டு, தொங்குகிற சக்கரம் எந்தத் தென்னங்கன்றிலும் மாட்டாமல், தனகோடியை நோக்கிப் போனான். தனகோடி முதலில் நம்பவில்லை. இரண்டு கையையும் ஆட்டி, போ போ என்று விரட்டினார். அருளப்பன் மருந்தைத் திறந்ததும்தான் புரிந்தது அவருக்கு, ஓடிப்போய்க் கொடியைப் பொறுக்கி, அடுத்த வரிசைக்கு எண்ணி நடந்து போய், நெட்டுக்குத்தலாய் நின்றார். பைத்தியக்காரப் பயலே என்று அவர் வாய் அசைந்தது தெரிந்தது, அல்லது அப்படி இருக்கவேண்டும் என்று இவன் நினைத்துக்கொண்டான். போய்த் திரும்பி, போய்த் திரும்பி, ஒவ்வொரு திருப்பத்திலும் காற்று அந்தச் சக்கரத்தைப் பிடித்து இழுக்க, விமானம் இடப்பக்கம் முரண்டு பண்ண, வலது மிதியை மிதித்து மிதித்துத் தொடை கடுத்தது. இழு, நீ எவ்வளவு வேண்டுமானாலும் இழு, எனக்கும் பிடிவாதம் உண்டு, எங்கள் அம்மாவைக் கேட்டுப் பார். ரெஜினா முகம் வந்தது, போனது. குருபாதம் பீடிக்கு நெருப்புக் கேட்டான், மருந்து டிரம்முக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டான். அந்தப் பீடி நெடி இப்போது மூக்கில் அடித்தது. தொட்டி காலியானது. வயலில் மருந்து படாத வட்டம் இனி ஒன்றுகூட மிச்சமில்லை.

அதற்குப் பிறகு பெட்ரோல் தீரவேண்டும், சுற்றினான். சுற்றுகிறபோது யோசனையும் சேர்ந்து சுற்றுகிறது, அதுதான் கொடுமை. ஓடுதளத்துக்கு மேலே வந்தபோது சுந்தரவரதன் தெரிந்தார், வெள்ளைச் சட்டை, கையில் சிவப்புத் துணி, ஜீப் மேல் ஏறி நின்று மேற்கே மேற்கே என்று வீசிக்கொண்டிருந்தார். மேற்கே ஏரி. ஏரியில் இறங்கு என்கிறார். தண்ணீர் மெத்தை மாதிரி இருக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அல்லது அவரே நல்ல எண்ணத்தில் சொல்கிறாரோ என்னவோ, அதையும் யோசித்தான், யாரையும் முழுக்கக் கெட்டவராக வைத்துக்கொள்ள அவனுக்கு வராது. ஆனால் நிற்கிற வலது சக்கரம் தண்ணீரைத் தொட்ட மறு நொடி விமானம் குப்புற விழும், பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தண்ணீர் குடிக்கவேண்டும். விமானம் சேற்றுக்குள் போகும், கால் அதற்கும் கீழே போகும், கோடையில் ஏரி வற்றினால்தான் கிடைக்கும், கோடை வரைக்கும் அந்த ஒரு வரி மட்டும் மிதந்துகொண்டிருக்கும். மாட்டேன் என்று சத்தமாகச் சொன்னான். என்ஜின் சத்தத்தில் அவனுக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொன்னான். பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பெல்ட்டை மூச்சு முட்ட இறுக்கினான். காற்றை எதிரே வைத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தான், மெதுவாக, இன்னும் மெதுவாக, குருபாதம் இறக்குகிற மாதிரி, அவன் பக்கத்தில் உட்கார்ந்து தொடையைத் தட்டுகிற மாதிரி. கருவேலம் மேலே போனது, ஓடுதளத்து மண் மேலே வந்தது, பெட்ரோலை மூடு, சுவிட்சை அணை. சத்தம் நின்றது. அந்த நிசப்தத்தில் காற்று மட்டும் விசிலடித்தது. வலது சக்கரம் தொட்டது, தொட்டதே தெரியவில்லை. ஸ்டிக்கை வலப்பக்கம் முழுக்கச் சாய்த்துப் பிடித்துக்கொண்டான், விமானம் ஒற்றைக் காலில் ஓடியது, ஓடு, ஓடு ராசாத்தி, இன்னும் கொஞ்சம், இடது இறக்கை கீழே இறங்கப் பார்த்தது, விடவில்லை, இறங்கப் பார்த்தது, விடவில்லை. அப்புறம் வேகம் செத்தது, இனிப் பிடிக்க ஒன்றுமில்லை. அடியில் டமாரென்று ஏதோ அறுந்து தெறித்தது, இறக்கை மண்ணைக் கொத்தியது, உலகம் ஒரு சுற்றுச் சுற்றியது, தோளில் நங்கென்று ஒரு இடி. தூசி. வானம் மேலேதான் இருந்தது. கவிழவில்லை.

தோள்பட்டை எலும்பு போய்விட்டது என்பது கையைத் தூக்கப் பார்த்தபோது தெரிந்தது. வலி அப்புறம் படலாம். மற்றக் கையால் பெல்ட்டைக் கழற்றி, சாய்ந்துகிடந்த இறக்கைமேல் சறுக்கித் தரைக்கு வந்து திரும்பிப் பார்த்தான். ஜீப் வந்துகொண்டிருந்தது. அவனிடம் வரவில்லை. பின்னால், ஓடுதளத்து நடுவில், அறுந்து விழுந்து கிடந்த சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதைப் பார்த்ததும் அருளப்பனுக்கு உடம்பில் எங்கிருந்தோ தெம்பு வந்தது, நடந்தான், ஓடுகிற மாதிரி நடந்தான், தூசியில் எச்சிலைத் துப்பிக்கொண்டு. சுந்தரவரதன் இறங்கி இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, ஏத்துங்கய்யா, மழை வரும்போல இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆட்கள் குனிவதற்குள் இவன் போய்ச் சேர்ந்து அந்தக் காலின்மேலேயே உட்கார்ந்துவிட்டான், சூடாக இருந்தது இரும்பு. தலையைச் சாய்த்து முறிந்த முனையைப் பார்த்தான். ஒரு ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்குப் புது முறிவு, வெள்ளையாக மின்னியது. மற்றதெல்லாம் பழைய முறிவு, கறுத்துப்போன துரு. அந்தத் துருவுக்கு மேலே, பிளவுக்கு உள்ளேயே, வெள்ளிப் பெயிண்ட் வழிந்து இறங்கிக் காய்ந்திருந்தது. வயலிலிருந்து ஓடிவந்த தனகோடி, மூச்சிரைக்க நின்ற கோதண்டபாணி, ஆட்கள், எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். சுந்தரவரதன் மட்டும் பார்க்கவில்லை. நல்ல வேளை பிழைச்சீங்க கேப்டன், கொஞ்சம் வேகமா எறக்கிட்டீங்களோ என்று கேட்டார், பதமாகத்தான் கேட்டார்.

அருளப்பன் கோதண்டபாணியைப் பார்த்தான், வேறு யாரையும் பார்க்கவில்லை. கோதண்டபாணி குந்தி உட்கார்ந்து, கட்டை விரலைப் பிளவுக்குள் விட்டு ஒரு தடவை தேய்த்தார், விரலைப் பார்த்தார், அவர் கண் பாட்டுக்கு ஒழுக ஆரம்பித்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "நான் அடிச்ச பெயிண்டுதான் சார். உள்ள எறங்கியிருக்கு. அன்னைக்கே பொளந்துதான் இருந்திருக்கு" என்றார். கேப்டனுக்கு அதிர்ச்சி, முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டும், சாமானை லாரியில் ஏற்றுவதை அப்புறம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மேனேஜர் அவசரப்பட்டார். நடவுக்காரப் பெண்கள் எந்த வீட்டிலிருந்தோ ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள், படுங்கய்யா, படுங்கய்யா என்று ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்தார்கள். இப்போது தோள் எரிந்தது, கண் இருட்டிக்கொண்டு வந்தது, படுத்தால் நன்றாகத்தான் இருக்கும். அருளப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்று, தான் உட்கார்ந்திருந்த இரும்பைக் காட்டினான்.

"இதைக் கட்டில்ல ஏத்துங்க" என்றான். "ஆஸ்பத்திரிக்கு நான் நடந்து வரேன், இது பக்கத்துல."